"பாட்டி, இந்தப் பக்கம்!"

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 67 வயது. கணவர் போய் மூன்று வருடமாகிறது. மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு நாலரை வயது, பேத்திக்கு ஒன்றே முக்கால். மருமகள் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னை நம்புவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பேத்தியை நான் குளிப்பாட்டும்போதெல்லாம் குளியலறை வாசலில் வந்து நிற்கிறாள். வாளியில் கைவிட்டுப் பார்க்கிறாள். ஒரே ஒருநாள் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டேன். குழந்தை மேல் ஊற்றினேனா? இல்லையே! இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். அவள் கணவனையே நான்தான் குளிப்பாட்டி ஆளாக்கினேன்.

ராத்திரி பேரன் என் பக்கத்தில்தான் படுப்பான். தினமும் ஒரே கதையைத்தான் கேட்பான். ஒரு வார்த்தை மாறினால்கூட "அப்படி இல்ல பாட்டி" என்று திருத்துவான். அதையும் "ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடுங்க அத்தை" என்கிறாள். கதை சொல்லக்கூடவா நேரம் பார்க்க வேண்டும்?

இரண்டு மாதமாகப் பள்ளியிலிருந்து அவனை அழைத்து வரும் வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். "வெயில்ல ஏம்மா அலையறீங்க" என்கிறான் மகன். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. அந்த நடைக்காகத்தான் எனக்குப் பொழுதே விடியும். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, வழியில் இருக்கிற ஒவ்வொரு நாயையும் குசலம் விசாரித்துக்கொண்டே வருவான். ஒருநாள் திருப்பத்தில் எந்தப் பக்கம் என்று எனக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டது. அவன்தான் "பாட்டி, இந்தப் பக்கம்" என்று இழுத்து வந்தான். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். தங்கப்பிள்ளை, சொல்லவே இல்லை. அவ்வளவு பாசம் என்மேல். அந்தப் பாசத்தைத்தான் இவர்கள் பிரிக்கப் பார்க்கிறார்கள்.

குளியலறை வாசலில் வந்து நிற்பதையாவது நிறுத்தச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

- ஒரு பாட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குளியலறை வாசலைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திருப்பம் போகிறபோக்கில் ஒருமுறை வந்துவிட்டுப் போகிறது. எனக்கோ அங்கிருந்து நகரவே முடியவில்லை.

தினமும் நடக்கிற வழி அது. திடீரென்று பிடிபடாமல் போனால் வயிற்றைப் பிசையாதா? பயந்துதானே "அம்மாவிடம் சொல்லாதே" என்றீர்கள்? அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, பாதியை நாலரை வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டீர்கள். நேராகவே சொல்கிறேன் அம்மா, அது தவறு.

தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதே ஒரு குழந்தைக்குச் சுமார் 4 வயதில்தான் விளங்க ஆரம்பிக்கும். அது விளங்கிய கையோடு, அம்மாவிடம் ஒளிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். நாளைக்கு வேறு யாராவது, தப்பான எண்ணத்தோடு, "அம்மாவிடம் சொல்லாதே" என்றால் அதற்கும் தலையாட்டுவான். அவன் வாயை மூடிக்கொண்டிருப்பதை வைத்துப் பாசத்தை அளக்காதீர்கள். சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறானே, ஒரு வார்த்தை மாறினாலும் விட மாட்டேன் என்கிறானே, அதில் இருக்கிறது பாசம். அதை யாரும் பிரிக்கப்போவதில்லை.

இனி மருமகள். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் பட்டால், சிறு குழந்தையின் தோல் வெந்துபோகச் சில நொடி போதும். அப்படி ஒரு வாளியைப் பார்த்த பிறகும் அவள் குழந்தையை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. இன்னமும் நீங்கள்தான் குளிப்பாட்டுகிறீர்கள். நம்பாதவள் அப்படி விடுவாளா? எதையோ கவனித்துவிட்டு, உங்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசலில் நிற்கிறாள் என்றே எனக்குப் படுகிறது. மகன் சொன்ன வெயிலும் அதே வகையாக இருக்கலாம். ஒரே பயத்தை மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். (கதை நேரத்தில் அவள் பக்கம்தான் நான். பிள்ளை தூங்க வேண்டும்.)

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதுக்கு இயல்பு. பழகிய வழி குழம்புவதை அப்படி விட்டுவிடக் கூடாது. உடனே பெரிய வியாதி என்று முடிவு கட்டவும் வேண்டாம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, சில மாத்திரைகள், தூக்கமின்மை, கணவர் போனபின் மனதில் தங்கிவிட்ட சோர்வு, இவை எல்லாமே மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வேறு ஏதாவது என்றாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு நல்லது. முதலில் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். மருமகளையே துணைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டிருக்கும், டாக்டருக்கு அது வேண்டும்.

பள்ளி நடையையும் அடியோடு விட வேண்டியதில்லை. மகன் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பேரன் பிடித்துக்கொள்ள உங்கள் சுண்டுவிரல் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரி கதையைத் தொடங்குவதற்கு முன் அவனிடம் சொல்லுங்கள்: "அன்னைக்கு அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னேன்ல, அது பாட்டி பண்ணின தப்பு கண்ணா. இப்ப நானே அம்மாகிட்ட சொல்லப்போறேன். நீயும் கூட வா."