ஹிமாலயன் 450 வாங்க எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன், வயது 29. சம்பளம் கைக்கு 45,000 ரூபாய். செலவு போக 15,000 மிஞ்சும். எஃப்.டி.யில் 1.5 லட்சம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு ஆன்ரோடு 3.8 லட்சம் சொல்கிறார்கள். எஃப்.டி.யிலிருந்து 1.3 லட்சம், மீதிக்கு மூன்று வருட லோன் என்று நினைத்திருக்கிறேன். ஜூனில் லடாக் போக ஆசை. வாங்கலாமா?

பதில்: வண்டியில் குறை சொல்ல எதுவுமில்லை. 452 சிசி லிக்விட் கூல்டு இன்ஜின், 40 பிஎஸ் பவர், 17 லிட்டர் டேங்க், 230 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், முன்னால் 21 இன்ச் வீல் என்று மலைப்பாதைக்காகவே செய்தது. ஆனால் 350 சிசியைத் தாண்டினாலே செலவு எகிறிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40%. புது வண்டிக்கான ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியமும், 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 7,365 ரூபாயிலிருந்து 15,117-க்குத் தாவுகிறது. இதுபோக தமிழ்நாட்டுச் சாலை வரி 12%.

என் கவலையெல்லாம் எஃப்.டி. மேல்தான். 2.5 லட்சத்துக்கு 11% வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 8,185. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 44,000-க்கு மேல். மாதம் 30,000 செலவாகும் உங்களிடம் அவசரத்துக்கு மிஞ்சுவது 20,000. வேலை போனாலோ வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ ஒரு மாதம்கூடத் தாங்காது. தயவுசெய்து எஃப்.டி.யைத் தொடாதீர்கள்.

மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். 18 மாதத்தில் 1.8 லட்சமும் வட்டியும் சேரும். விலை இதே அளவில் இருந்தால் 2 லட்சம் லோன் போதும். தவணை 6,550-க்குள் அடங்கும். பத்தாயிரம் எடுத்துவைத்துப் பழகியவருக்கு அது பாரமாகத் தெரியாது.

லடாக்கைத் தள்ளிப்போட வேண்டாம். லே-யில் ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கும். 196 கிலோ வண்டியைச் சரளைக் கல்லில் நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். 825 மி.மீ. சீட் உயரத்தில் உங்கள் கால் தரையில் ஊன்றுகிறதா என்பது ஷோரூமைவிட அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இப்போது வேறு வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால், இதை வாங்கிய பிறகும் அதை விற்காதீர்கள். ஆபீஸ் போக அதுதான் சரி. 450-ன் பெட்ரோலும் டயரும் மலைக்கு மிச்சமாகும்.