வாசகர் கேள்வி-பதில்: துருவிப் போடும் செம்மறிப்பால் சீஸ்

பெக்கோரினோ ரொமானோவும் பார்மேசனும் ஒன்றுதானா? ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாமா?

இரண்டையும் துருவிப் போடலாம்; ஒற்றுமை அதோடு சரி. பார்மேசன் பசும்பாலில் செய்வது. பெக்கோரினோ ரொமானோ முழுக்கச் செம்மறி ஆட்டுப்பால். பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி இத்தாலியின் சார்டினியா தீவில் செய்யப்படுகிறது. அது போக, ரோம் நகரம் இருக்கும் லாட்சியோவிலும் டஸ்கனியின் க்ரோஸ்ஸேட்டோ மாகாணத்திலும் மட்டுமே செய்யலாம். 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயரைப் பாதுகாத்து வருகிறது.

இதில் உப்பு தூக்கல், நாக்கில் காரமும் ஏறும். பார்மேசனுக்குப் பதிலாகப் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு போதும். உப்பை ருசி பார்த்த பிறகே சேருங்கள்.

இது சைவமா?

இல்லை. பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பசைதான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பசையில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால்தான் அந்தக் காரமே வருகிறது. தாவர ரென்னெட்டில் செய்த வேறு செம்மறிப்பால் சீஸ்கள் உண்டு. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோலைப் பாருங்கள். சாய்சதுரத்துக்குள் ஆட்டுத்தலை முத்திரை பதித்திருக்கும். துருவுவதற்கென்றால் குறைந்தது 8 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். 5 மாதத்தது அப்படியே வெட்டிச் சாப்பிட. அமெரிக்காவில் வெறும் 'ரொமானோ' என்று விற்பதைப் பசும்பாலிலும் செய்யலாம், சட்டம் இடம் தருகிறது. அதில் இந்த ருசியைத் தேடாதீர்கள்.

காச்சோ எ பேப்பே (சீஸும் மிளகும் சேர்த்த பாஸ்தா) செய்யும்போது சீஸ் கட்டிகட்டியாகத் திரண்டு, தண்ணீர் தனியே பிரிகிறது. ஏன்?

சூடுதான் காரணம். ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீஸின் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். அப்படித் திரளாமல் தடுப்பது மாவுச்சத்து. பாஸ்தா வெந்த தண்ணீரில் அது இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் ஊற்றுகிறோம். ஆனால் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்தால் அதில் போதிய மாவுச்சத்து இருக்காது.

இரண்டு பேருக்கு 240 கிராம் பாஸ்தா, 160 கிராம் சீஸ். 4 கிராம் கார்ன் ஸ்டார்ச்சை (வெள்ளைச் சோள மாவுச்சத்து) 40 மில்லி தண்ணீரில் கரைத்து, கூழாகிக் கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். அதில் சீஸைப் போட்டு மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். துருவியே கலப்பதானால் துருவியின் மிகச் சிறிய கண்ணையே பயன்படுத்துங்கள். பெரிய துருவல் கரைவதற்குள் வெளிப்புறம் திரண்டுவிடும்.

மிளகை வறுத்து, கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். வடித்த பாஸ்தாவை ஒரு நிமிடம் ஆறவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே விழுதையும் மிளகையும் சேர்த்துக் கிளறுங்கள். இறுகினால் பாஸ்தா தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். வேகவைக்கும் தண்ணீரில் வழக்கமான உப்பில் பாதி போதும்.

இதில் வெண்ணெயோ கிரீமோ தேவையே இல்லை. அவை இந்தச் சீஸின் ருசியை மழுக்கிவிடும்.

வாங்கிய துண்டை எப்படி வைப்பது?

பார்ச்மென்ட் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு, பிரிட்ஜின் காய்கறித் தட்டில். பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால் வியர்த்து, கெட்ட வாடை வரும். மேலே பூஞ்சை பிடித்தால் அந்த இடத்தைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். துருவி வைத்ததில் பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் துருவினால் மணமும் போகாது.