நடு அளவு மீன் எங்கே போச்சு?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் மண் குளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். 25 மீட்டருக்கு 20 மீட்டர். 14 மாதத்துக்கு முன்னால் 1,500 ஜிலேபிக் குஞ்சு விட்டோம். போன வாரம் வலை இழுத்தால் விரல் நீளக் குஞ்சு கூடை கூடையாக வருகிறது, முக்கால் கிலோவுக்கு மேல் கொஞ்சம் பெரிய மீன் வருகிறது. கடைக்காரர் கேட்கும் 400, 500 கிராம் மீன் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடும் என் கூட்டாளிகளும் இதையேதான் சொல்கிறார்கள். சின்னது மொய்க்கிறதாம், எப்போதாவது ஒரு தோமான், அதாவது ராட்சத விரால், கம்பை வளைக்கிறதாம், நடுவில் ஒன்றுமே இல்லையாம். தண்ணீரில் கோளாறா? அங்கிருந்து இரண்டு தோமானைக் கொண்டுவந்து குளத்தில் விட்டால் குஞ்சு குறையும் என்கிறார் ஒருவர். மிஞ்சும் குஞ்சை நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, கடைசி இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தோமான் வேண்டாம். குஞ்சை நீர்த்தேக்கத்தில் விடவே கூடாது. அனுமதியில்லாமல் விடுவது இங்கே சட்டப்படி குற்றம், அதைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் குளத்துக்கும் கூட்டாளிகளின் நீர்த்தேக்கத்துக்கும் அடிக்கிற காய்ச்சல் ஒன்றுதான், நோய் வேறு வேறு.

குளத்தைப் பார்ப்போம். குஞ்சு என்று நீங்கள் ஒதுக்கிய கூடையிலிருந்து 10, 12 சென்டிமீட்டர் இருக்கிற மீனாகப் பத்தை எடுங்கள். கீழ்த்தாடை பை மாதிரி தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தலைகீழாகப் பிடித்து, பெருவிரலால் தாடையை மெல்ல இறக்குங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் முட்டைகள் பொலபொலவென்று வாளியில் விழும். அது குஞ்சில்லை தம்பி, தாய்.

ஜிலேபியின் குணமே அதுதான். நெருக்கடியான குளத்தில் வளர்வதை நிறுத்திவிட்டு இனம் பெருக்கப் போய்விடும். பெண் மீன் முட்டையை வாயில் வைத்துப் பத்துப் பதினைந்து நாள் அடைகாக்கும். அத்தனை நாளும் ஏறக்குறைய பட்டினி. தீனி எடுத்து உடம்பு தேறினதும் மறுபடி முட்டை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லையே, நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, வருஷம் முழுக்க இதே வேலை. ஒரு தடவைக்குச் சில நூறு குஞ்சு என்றால் 14 மாதத்தில் மகள், பேத்தி எல்லாம் பெற்றுவிட்டிருக்கும். நீங்கள் போட்ட தீனி அத்தனை வாய்க்கும் பங்கு பிரிந்தது. அந்த முக்கால் கிலோ மீன்கள் முதலில் விட்டவற்றில் முந்திக்கொண்ட ஆண்கள். நடு அளவு மீனை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 12 சென்டிமீட்டரில் நின்றுபோய் உங்கள் கூடையிலேயே கிடக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்த மொசாம்பிக் ஜிலேபிக்கு மலாய்க்காரர்கள் ஈக்கான் ஜெப்பூன், அதாவது ஜப்பான் மீன், என்றே பெயர் வைத்தார்கள். பஞ்சத்துக்கு உதவும் என்று கொண்டுவந்த மீன் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) எல்லாம் பரவியதற்கும் இதே குணம்தான் காரணம். நைல் ஜிலேபியும் சிவப்பு ஜிலேபியும் நன்றாக வளரும் ரகம். ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து ஒரு வருஷத்துக்கு மேல் விட்டால் அவையும் இந்தக் கதிக்குத்தான் வரும்.

நீர்நாயோ என்று சந்தேகப்படுவீர்கள். 1998-ல் சுங்கை பூலோவில் மறுபடி தலைகாட்டியதிலிருந்து தீவு முழுக்கப் பரவிவிட்டது, கொண்டோமினியங்களில் கோய் என்ற அலங்கார மீன் வளர்க்கும் குளங்களைக்கூட விட்டுவைப்பதில்லை. ஆனால் அது வந்துபோனால் கரையில் செதிலும் தலையும் கிடக்கும், மீன் நாற்றமடிக்கும் எச்சம் இருக்கும். நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை. வேலியின் அடியில் இடைவெளி இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இந்தக் குளத்தை இனி தீனி போட்டுத் தேற்ற முடியாது, வற்றவைத்துவிடுங்கள். மழை குறையும் பிப்ரவரி வாக்கில் வைத்துக்கொண்டால் தரை வெடிக்கும்வரை காயும். காயாமல் குட்டையாக நிற்கிற பள்ளங்களில்தான் ஆபத்து. உள்ளங்கை அளவு தண்ணீரில் பத்து ஜிலேபி உயிரோடு கிடந்து அடுத்த வருஷம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அங்கெல்லாம் சுட்ட சுண்ணாம்பு தூவுங்கள், 500 சதுர மீட்டருக்கு 50 கிலோ போதும். சுண்ணாம்புத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. மடைவாயில் கொசுவலை மாதிரி சிறுகண் வலை கட்டாமல் ஒரு சொட்டும் திறக்காதீர்கள்.

மறுபடி விடும்போது ஆண் குஞ்சு மட்டும் 1,000 விடுங்கள். சதுர மீட்டருக்கு 2 என்பது காற்றுக் கருவி இல்லாத குளத்துக்குச் சரியான கணக்கு. ஆண் குஞ்சு என்று விற்பவர் சொன்னதை வேதவாக்காக எடுக்காதீர்கள். அப்படிச் சொல்லி எனக்கு வந்த ஒரு தொகுதியில், நாலாம் மாதமே குளத்தோரம் குஞ்சு மேய்ந்தது. 40 கிராம் வந்ததும் வலை போட்டு, ஐம்பது மீனையாவது வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். பின்துடுப்புக்கு முன்னால் ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. மை தொட்டு வைத்தால் கண்ணாடி போடாமலே தெரியும். ஆறு, ஏழு மாதத்தில் 500 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் ஒரு வாரம்கூட வைத்திருக்காதீர்கள்.

தப்பிப் பிறக்கிற குஞ்சைத் தின்ன ஆள் வேண்டும் என்றால், பொரிப்பகத்தில் நன்னீருக்குப் பழக்கிய சியாக்காப் குஞ்சு வாங்குங்கள். நம்மூரில் கொடுவா என்போமே, அதுதான். 20 ஜிலேபிக்கு 1. ஜிலேபி கையகலம் வந்த பிறகு, அதைவிடச் சின்ன கொடுவாவாகப் பார்த்து விட வேண்டும். தோமானில் அந்த வசதி இல்லை. நீங்கள் கொண்டுவருவது 3 கிலோ தோமான் என்றால், அது விரல் நீளக் குஞ்சைத் துரத்தி மூச்சிரைக்காது, உங்கள் 200 கிராம் மீனைத்தான் பிடிக்கும். இப்போது காணோம் என்று தேடுகிற அந்த நடு அளவையே போய்க் காலி பண்ணும்.

இனி உங்கள் கூட்டாளிகளின் புகார். லோயர் சிலேத்தாரை அவர்கள் ஆறு என்று சொல்லலாம். 1986-ல் ஆற்றுவாயை அடைத்த பிறகு அது ஏரி. கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வந்து வளரும் மீன்களுக்கு வழி அன்றோடு அடைபட்டது. மிச்சமிருப்பதில் பெருவாரி வெளியிலிருந்து வந்த மீன். தோமான், பீகாக் பாஸ், ஜிலேபி மூன்றுமே அப்படித்தான்.

அதிலும் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. அங்கே பிடிபடும் பெரிய மீன் எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தது என்று யார் சொன்னது? கண்ணாடித் தொட்டியில் ஆசையாக வளர்த்து, தொட்டி கொள்ளாமல் போனதும் இருட்டோடு இருட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியத்துக்கு விடுகிறவர்களும் உண்டு. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்கத் திருக்கை குட்டி போட்டுப் பெருகியது இப்படித்தான். அந்த மாதிரி பெரிய மீன் அந்தத் தண்ணீரில் நடு அளவாக ஒருநாளும் இருந்ததில்லை, அதன் இளம்பருவம் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் கழிந்தது. உங்கள் குஞ்சை அங்கே விட வேண்டாம் என்றதும் இதனால்தான். ஏற்கெனவே சின்னது மொய்க்கிற இடத்தில் போய் இன்னும் சின்னதைக் கொட்டி என்ன ஆகப் போகிறது?

தோமானின் நடு வயதும் வேறு தினுசு. செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மூச்செடுக்க மேலே வரும்போது தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அந்தப் பந்தைப் பார்த்துத் தூண்டில் வீசினால் காவல் மீன் கோபத்தில் கவ்வும். அதைத் தூக்கிக்கொண்டு போனால் அரை மணியில் குஞ்சைப் பீகாக் பாஸ் தின்று தீர்க்கும், அந்த வருஷத்துத் தலைமுறையே போச்சு. தப்பியவை ஓரடி வரும்வரை கூட்டமாகவே திரியும். கூட்டத்தைக் கண்டால் பத்து கிடைக்கும், காணாவிட்டால் பூஜ்யம்.

என்ன லூர் (போலி இரை) போடுகிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். நீர்த்தேக்கத்தில் போலி இரை மட்டும்தானே அனுமதி. பெரிய தோமான் மேல் கண் வைத்து 12 சென்டிமீட்டர் தவளை லூர் போடுகிறவருக்கு 300 கிராம் மீன் எப்படிக் கடிக்கும்?

இங்கிலாந்தின் ஆறுகளிலும் தூண்டில்காரர்களுக்கு இதே குறைதான், அங்கே பழி நீர்க்காகத்தின் தலையில். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி. குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்பதால் செதிலில் வளையம் விழும், எந்த வருஷத்துக் குஞ்சு குறைகிறது என்று எண்ணிவிடலாம். நம் வெயிலில் அந்த வளையத்தை நம்ப முடியாது. பிடித்த மீன் ஒவ்வொன்றின் நீளத்தையும், போட்ட லூரின் அளவையும் ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நீளம் மாதாமாதம் நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

குளத்தை வற்றவைக்கும் முன் அந்தப் பத்து மீனின் நீளத்தையும், எத்தனை வாயில் முட்டை இருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள். நாலுக்குக் குறைவாக இருந்தால் அவசரப்பட்டு மடையைத் திறக்காதீர்கள், தீனிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம்.