ஆடும் படத்தில் கதை எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணம் பக்கம் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். போன கோடையில் என் மாணவிகள் நான்கு பேரை வைத்து, காய்ந்து கிடந்த அரசலாற்று மணலில் 14 நிமிட நடனப்படம் ஒன்று எடுத்தோம். பாட்டு இல்லை, வசனம் இல்லை. மிருதங்கமும் காலடிச் சத்தமும்தான். கல்யாண மண்டபம் ஒன்றில் ஊராருக்குப் போட்டுக் காட்டினோம். எல்லோரும் கேட்டது ஒன்றே: "நல்லா இருக்கும்மா, ஆனா கதை என்ன?" பின்குரலில் ஒரு கதையைச் சொல்லிவிடலாம் என்று பெற்றோர் சிலர் சொல்ல, அப்படியும் பதிவு செய்து பார்த்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்கள், அதாவது ஆடல் நிலைச் சிற்பங்கள், இருக்கின்றனவே, அவற்றில் என்ன கதை? சோதனை முயற்சி என்று இறங்கிய பிறகும் கதை வேண்டுமா? இரண்டு வடிவங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு நடன ஆசிரியை

வணக்கம் அம்மா,

குரல் இல்லாத படத்தை மூன்று முறை பார்த்தேன். பின்குரல் வைத்ததை ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் மண்டபத்தில் கேள்வி கேட்டவர்களை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கதைச் சுருக்கம் கேட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எதைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்ப்பது என்று கேட்டதாகவே எனக்குப் படுகிறது.

சின்ன வயதில் பாட்டி என்னை மெலட்டூருக்கு அழைத்துப் போவார். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னிதி முன்னால் பாகவத மேளா என்ற ஆட்ட நாடகம் நடக்கும். வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம், விடிய விடிய. தெலுங்கு நாடகம் அது. பாட்டிக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அடுத்து என்ன நடக்கும் என்று அறிந்துகொள்ள அங்கே யாரும் வருவதில்லை. தூண் பிளக்கப்போகிறது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பாட்டி நடுவில் தூங்கிவிடுவார். ஆனால் பிரகலாதனின் அம்மா லீலாவதி மகனுக்காகக் கலங்கும் இடத்தில் எப்படியோ விழித்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். லீலாவதியாக ஆடுபவர் ஓர் ஆண். அதுவும் பாட்டிக்குத் தெரிந்ததுதான். கதை முன்பே எல்லோர் கையிலும் இருந்ததால், அதைச் சொல்லியாக வேண்டிய பாரம் ஆடுபவருக்கு இல்லை. பாட்டின் ஒரே வரியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று ஆடினார். பார்ப்பவர் யாரும் வழிதவறவில்லை.

பரதத்தில் நீண்ட நேரம் ஆடும் வர்ணமும் அப்படித்தானே? நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வரின் ‘சகியே இந்த வேளையில்’ வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி தோழியிடம் பேசுகிறாள், அவன் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் யார், யாரிடம் பேசுகிறாள், அவளுக்கு என்ன குறை என்பது ஆரம்பத்திலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது. அப்புறம் தாளச் சொல்லுக்கு ஆடும் ஜதியும், ஒரு வரியை விரித்து நடிக்கும் சஞ்சாரியுமாக எவ்வளவு தூரம் போனாலும் நாமும் கூடவே போகிறோம். கரணங்களுக்கும் என் பதில் இதுதான். பெரிய கோயில் மேல்தளத்தில் அத்தனை கரணங்களையும் ஆடிக் காட்டுபவர் நான்கு கைகள் உள்ள சிவன். ஆடுவது யார் என்ற சந்தேகமே அங்கே இல்லை. மொத்தம் 108ல் செதுக்காமல் விட்ட 27 இடங்களும் அவருக்காகவே காலியாக இருக்கின்றன.

கதையே இல்லாமலும் படம் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சோதனைப்பட இயக்குநர் மாயா டெரன் 1945ல் டாலி பீட்டி என்ற நடனக் கலைஞரை வைத்து எடுத்த நடனப்படத்தைத் தேடிப் பாருங்கள். காட்டில் தூக்கிய கால் ஒரு வீட்டுக்குள் வந்து ஊன்றும். ஒரே அசைவு, இரண்டு இடம். வெட்டி ஒட்டும் வேலையே அங்கே நடனமாகிவிடுகிறது. ஆனால் அது ஏறக்குறைய மூன்று நிமிடப் படம். கால் அடுத்து எங்கே ஊன்றும் என்ற ஆவல் அந்த மூன்று நிமிடத்தைத் தாங்கும், 14 நிமிடத்தைத் தாங்காது. மேடை என்றால் வேறு. நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985ல் ‘அங்கிகா’ என்ற மேடைப் படைப்பில் நாயகி, நாயகன் கதைகளை ஒதுக்கிவிட்டு உடலையே முன்னால் வைத்தார். எதிரே ஓர் ஆள் மூச்சு வாங்க நிற்கும்போது அதுவே நம்மைப் பிடித்து வைக்கும். திரையில் அந்த மூச்சு கிடைக்காது. உங்கள் படத்தில் ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் நான் வெறுமனே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கை, கால் அசைவுகளான அடவுகள் அத்தனை சுத்தமாக இருந்தும்.

இன்னொன்று. மேடையில் ஒன்றும் இல்லை, அதனால் கை எல்லாவற்றையும் உண்டாக்குகிறது. கேமராவோ இருப்பதை எல்லாம் தானே காட்டிவிடும். சத்யஜித் ராய் 1976ல் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், கண்ணனை வாவென்று அழைக்கும் ‘கிருஷ்ணா நீ பேகனே’ பாட்டுக்கு அந்த அம்மா கடற்கரையில் ஆடுகிறார். காற்று புடவையை இழுக்கிறது, பின்னால் அலை. ஆனால் அவர் கூப்பிடுவது அங்கே இல்லாத குழந்தையை. கடல் கண்ணெதிரே இருந்தும் நாம் அந்தக் குழந்தையைத்தான் தேடுகிறோம்.

உங்கள் படத்தில் மூன்றாவது நிமிடத்தில் இது தானாகவே அமைந்திருக்கிறது. அந்தக் குட்டிப் பெண் வறண்ட மணலில் நின்று, விரல்களைச் சேர்த்து நீட்டிய பதாகக் கையால் ஆற்றைக் காட்டுகிறாள். அபிநயதர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் நதிக்குச் சொல்லும் அதே கை. ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை, அவள் கையில் இருக்கிறது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பெண், போர்வெல் தண்ணீரில் பச்சையாக நிற்கும் வயலுக்கு முன்னால் நின்று நெற்கதிரைக் கையால் காட்டுகிறாள். வயலைத்தான் படமே காட்டுகிறதே! அந்த ஷாட்டை எடுத்துவிடுங்கள். ட்ரோன் காட்சிகளும் வேண்டாம், அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் முகமே தெரியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மேட்டூர் ஜூன் 12ல் திறக்குமா, கல்லணைக்கு எப்போது வரும், கடைமடை வரை எட்டுமா? நம் பக்கத்தில் பிரகலாதன் கதைக்கு நிகராக எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். உங்கள் படத்துக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது, இடம் மாறிக் கிடக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பெண் மணலில் ஊற்றுத் தோண்டுகிறாள். தண்ணீர் கசிந்து வரும்வரை குனிந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதை முதலில் வையுங்கள், மிருதங்கம்கூட வேண்டாம். மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அவள் யார், அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். அதன் பிறகு நீங்கள் விரும்பியபடி வெறும் அடவுகளாகவே ஆடலாம்.

முடிவை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். நுரையும் செத்தையுமாகப் புதுத்தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வருகிறது. குட்டிப் பெண் அதே பதாகக் கையோடு நிற்கிறாள். தண்ணீர் அவள் காலைத் தொட்டதும் கை தானாக இறங்குகிறது. இனி அந்தக் கைக்கு வேலை இல்லை. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மதகுக்குத் தண்ணீர் எந்த நாள் வரும் என்று, மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிள்ளையை ஆற்று நடுவில் நிறுத்த வேண்டாம், படித்துறைக் கடைசிப் படி போதும். எடுத்து முடித்ததும் அதே மண்டபத்தில் அதே ஆட்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.