உட்கரு ஏன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

கேள்வி: படிவம் 4 படிக்கும் என் மகள் வெங்காய வேரை நுண்ணோக்கியில் பார்த்தாள். படத்தில் உட்கரு நடுவில் இருக்கிறது. அவள் பார்த்ததிலோ சுவரோரம். பிரிகிற செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வெட்டிய இடத்தில்தான். வேரில் செல்பிரிவு மும்முரமாக நடப்பது கடைசி ஓரிரு மில்லிமீட்டரில். அங்கே செல் சிறியது, உட்கரு பெரியது, நடுவிலேயே இருக்கும். அதற்கு மேலே செல் நீளும். உள்ளே வாக்குவோல் என்னும் நீர்ப்பை ஊதிப் பெருத்து உட்கருவை ஓரங்கட்டிவிடும். மகள் பார்த்தது அந்தப் பகுதியை.

மறுபடி செய்யும்போது, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, 1–2 செ.மீ. வேரை 3 பங்கு எத்தனால், 1 பங்கு அசெட்டிக் அமிலக் கலவையில் ஒரு நாள் ஊறவைக்கட்டும். பிறகு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில், 5–10 நிமிடம். இந்த நேரம் குறைந்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கட்டியாகவே நிற்கும். கழுவி, நுனியில் 2 மி.மீ. மட்டும் நறுக்கி, அசெட்டோ-ஆர்சின் சாயமிட்டு, மேலே மூடிய கண்ணாடிச் சில்லைப் பெருவிரலால் நேர்கீழாக அழுத்த வேண்டும். சில்லு வழுக்கினால் எல்லாம் நசுங்கிச் சுருண்டுவிடும்.

ஓரத்து உட்கரு பிரியவே பிரியாதா என்றால், பிரியும். முதலில் இடம் மாறும். நீர்ப்பையை ஊடுருவும் சைட்டோபிளாச (செல்லுக்குள் இருக்கும் கூழ்) இழைகள் உட்கருவை நடுவே தொங்கவிடும். இழைகள் ஒன்றுகூடித் தட்டுப்போல் ஆவதற்குப் பிராக்மோசோம் என்று பெயர். அதே மட்டத்தில் செல்சவ்வுக்கு அடியில் நுண்குழல்கள் என்னும் மெல்லிய புரதக் குழாய்கள் வளையமாகக் கூடும். 1966-இல் ஆய்வாளர்கள் பிக்கெட்-ஹீப்ஸும் நார்த்கோட்டும் கோதுமையில் கண்டது இதைத்தான். குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோல் உருவாவதற்குள் வளையம் கலைந்துவிடும். ஆனாலும் புதுச்சுவர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் போய் ஒட்டும். எனக்கு இதில் வியப்பே, சுவர் வருமுன் அதன் இடம் முடிவாகிவிடுவதுதான்.

எப்போதும் நடுவில்தான் என்றும் இல்லை. செரை போன்ற புல்லினங்களில் இலைத்துளையின் துணைச்செல் உருவாகும்போது, உட்கரு வேண்டுமென்றே ஒரு பக்கமாக நகரும். பிறப்பது ஒரு சின்னச் செல்லும் ஒரு பெரிய செல்லும்.

பால்மரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள கேம்பியம் இன்னும் விசித்திரம். ஒல்லியான நீளச் செல், நெடுக்குவாட்டில் பிளக்கும். புதுச்சுவர் உட்கரு இருக்கும் இடத்தில் தொடங்கி இரு முனைக்கும் ஊர்ந்து போக வேண்டும். புதுப்பட்டையைத் தருவதும் இந்தக் கேம்பியமே. சீவும்போது கத்தி அதுவரை இறங்கிக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும்.