சுமேரியர்களில் ‘என்’, என்சி, லுகல்: மூவரில் யார் பெரியவர்?

இன்றைய தெற்கு இராக்கில் வாழ்ந்த பழைய சுமேரியர்களின் நகரங்களில் வழங்கிய பட்டங்கள் இவை. தாசில்தார், கலெக்டர் போல இதை ஒரு ஏணியாக நினைத்துத்தான் நானும் முதலில் படித்தேன். லுகல் மேலே, என்சி கீழே, ‘என்’ என்றால் பூசாரி. லகாஷ் நகரத்துக் கல்வெட்டுகளுக்கு வந்ததும் அந்த ஏணி சரிந்துவிட்டது.

லுகல் என்ற சொல் எளிது. லு என்றால் ஆள், கல் என்றால் பெரிய. பெரிய ஆள், அவ்வளவுதான். அடிமைக்கும் வயலுக்கும் உடைமைக்காரனைக்கூட லுகல் என்றே எழுதினார்கள். லகாஷை ஆண்ட ஊர்-நான்ஷே தன்னை லுகல் என்றான். அவன் பேரன் எயன்னாதும் (சுமார் கி.மு. 2450) உம்மா நகரத்தை அடித்து நொறுக்கியவன், பிணங்களைக் கழுகுகள் கொத்தும் அந்த வெற்றிக்கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனை செய்தவன் தன்னைப் பெரும்பாலும் அழைத்துக்கொண்டது லகாஷின் என்சி என்று! காரணம், ஊரின் சொந்தக்காரர் நின்கிர்சு தெய்வம். அரசன் அவருக்காக ஊரைப் பார்த்துக்கொள்பவன், அதாவது என்சி. இனன்னா தேவி தனக்கு என்சிப் பதவியோடு கிஷ் நகரத்தின் லுகல் பட்டத்தையும் கொடுத்தாள் என்று அவனே எழுதி வைத்தான். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஏணி உண்மையிலேயே வந்தது பிற்பாடு, ‘ஊர்’ என்ற பெயருடைய நகரத்தின் மூன்றாம் வம்சத்தில் (சுமார் கி.மு. 2112–2004). அங்கே ஒரே லுகல். என்சிகள் எல்லாம் அவருக்குக் கீழே மாகாணத்தைப் பார்க்கும் ஆளுநர்கள். படைகளுக்கு ஷகின என்ற தளபதிகள் தனி. அதையொட்டிய காலத்தில் லகாஷை ஆண்ட குதேயாவும் என்சிதான், ஆனால் தன் ஊருக்கு அவரே எல்லாம். பட்டம் ஒன்று, கனம் வேறு.

‘என்’ என்பது பழைய பட்டம், ஊருக் நகரத்தோடு ஒட்டியது. பூசாரி என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அங்கே அது ஆட்சிப் பட்டமும்கூட. ‘ஊர்’ நகரத்தில் அது நிலாத் தெய்வம் நன்னாவின் தலைமைப் பூசாரிணிக்கு உரியது. அக்காத் அரசன் சார்கோன் தன் மகளையே அந்தப் பதவியில் உட்கார வைத்தான். என்ஹெதுவன்னா என்ற அவள் பெயரின் தொடக்கத்திலேயே அந்த ‘என்’ இருக்கிறது.

அப்புறம், லுகல் ஆண்தானா என்று கேட்கலாம். சுமேரிய இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் பிரிவு கிடையாது. சுமேரிய அரசர்களை வரிசைப்படுத்தும் பழைய அரசர் பட்டியலில் கிஷ்ஷை ஆண்டதாக வரும் குபாபா ஒரு பெண், அதுவும் பீர்க்கடை நடத்தியவள். நூறு ஆண்டு ஆண்டாள் என்று பட்டியல் சொல்கிறது. அந்த நூறை நம்ப வேண்டாம். ஆனால் அவளுக்கும் அதே லுகல்தான்.