விதைக்குள் பிணைந்து கிடக்கும் ஹார்மோன்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் தோட்டத்தில் உதிரும் ரப்பர் விதைகள் ஈரமண்ணில் சில வாரங்களில் முளைத்துவிடுகின்றன. செம்பனை (எண்ணெய்ப்பனை) விதைகளோ மாதக்கணக்கில் மரத்தடியிலேயே கிடக்கின்றன. நாற்றங்காலில் அவற்றைச் சூடேற்றித்தான் முளைக்க வைக்கிறார்கள் என்கிறார் என் அண்ணன். வளர்ச்சி ஹார்மோன் விதைக்குள்ளேயே இருக்கும்போது இந்தத் தாமதம் ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: சகோதரி, விதையில் ஹார்மோன் இருப்பது வேறு, அது வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு. விதை முற்றும்போது, செல்களை நீளச் செய்யும் ஹார்மோனான ஆக்சினின் பெரும்பகுதி சர்க்கரையுடனோ அமினோ அமிலத்துடனோ பிணைக்கப்படுகிறது. அவ்வாறு பிணைந்திருக்கும் வரை அதனால் செல்களை நீளச் செய்ய இயலாது. முற்றிய மக்காச்சோள மணியில் அது குளுக்கோஸுடனும், இனோசிட்டால் என்னும் சர்க்கரை போன்ற பொருளுடனும், அவரையினங்களில் அஸ்பார்டிக் அமிலம் போன்றவற்றுடனும் சேர்ந்திருக்கிறது. மணி நீரை உறிஞ்சி முளைவிடத் தொடங்கும்போது நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன. விடுபட்ட ஆக்சின் தளிரை நீளச் செய்கிறது. எந்த ஹார்மோனும் தேவைக்கு மிஞ்சினால் வளர்ச்சி சிதையும் என்பதால், பிணைப்பதும் விடுவிப்பதும் உற்பத்தி செய்வதைப் போலவே முக்கியமானவை என்பது என் துணிபு.

இளம் விதையில், செல்பிரிவைத் தூண்டும் ஹார்மோனான சைட்டோகைனின் மிகுந்திருக்கும். கருவைச் சூழ்ந்த திசுவில் செல்கள் வேகமாகப் பிரிவது அதனால்தான். ஸீயாட்டின் என்னும் சைட்டோகைனின் 1963-இல் இளம் மக்காச்சோள மணிகளிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. நாம் பருகும் இளநீரும் அத்தகைய திசுவின் திரவ வடிவமே. 1941-இல் தாவரவியலாளர் வான் ஓவர்பீக்கின் குழுவினர் தேங்காய் நீரைச் சேர்த்து ஊமத்தையின் மிக இளம் கருக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தனர்.

விதை முதிரும் கட்டத்தில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் முன்னுக்கு வருகிறது. உணவுப்பொருள் சேமிப்பையும், உலர்வைத் தாங்கும் திறனையும், முளைக்காமல் காத்திருக்கும் தன்மையையும் அது வளர்க்கிறது. அதை உருவாக்க இயலாத சில மக்காச்சோள வகைகளில் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும். தங்கள் மாநிலத்தின் மாத்தாங் அலையாத்திக் காட்டில் பாக்காவ் மரத்தின் விதைகள் கிளையில் தொங்கியபடியே முளைவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய மரங்களின் கருக்களில் இவ்வமிலம் குறைவாகவே காணப்படுகிறது. பல விதைகளில், நீர் புகுந்தபின் அப்சிசிக் அமிலம் சிதைந்து, முளைப்பைத் தூண்டும் ஹார்மோனான ஜிப்பெரலின் கூடினால்தான் முளைப்பு தொடங்கும்.

ரப்பர் விதை உலர்வைத் தாங்காது. ஈரத்துடன் உதிர்ந்து, விரைவில் முளைக்காவிட்டால் உயிரிழக்கும். செம்பனையில் ஹார்மோன் மட்டும் தடை என்று கூற முடியாது. கடினமான ஓட்டின் முளைத்துளைக்குள், கருவின் முனையை ஒட்டி ஒரு சிறு மூடி இருக்கிறது. அதை அகற்றினாலோ கருவைத் தனியே எடுத்து வளர்த்தாலோ வளர்ச்சி தொடங்குகிறது. நாற்றங்கால்களில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் பல வாரங்கள் வைப்பது அந்த உறக்கத்தைக் கலைக்கவே.

கேள்வி: அப்படியானால் பயிற்றங்காய் விதைகளை இளநீரில் ஊறவைக்கலாமா?

பதில்: தேவையில்லை. முற்றிய விதையிடம் தனக்கு வேண்டிய ஹார்மோன்கள் உள்ளன. இளநீரின் சர்க்கரை பூஞ்சணத்துக்குத்தான் உதவும். சுத்தமான தண்ணீரில் சில மணிநேரம் ஊறவைத்து, நீர் தேங்காத மண்ணில் ஊன்றுங்கள்.